சுபேதாருக்குக் கொடுக்காத கத்தி

நீங்கள் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான். திண்டிவனத்தில் கோவேறு கழுதைச் சவாரியா, அதுவும் எண்பதுகளிலா? ஆமாம், நடந்தது. நான் அதில்தான் வேலை பார்த்தேன். இன்று நீங்கள் ஜீப்பில் விருந்தினரை ஏற்றிக்கொண்டு போகிற அதே பாறைக் குன்றுகளுக்கு, அவர்களைக் கோவேறு கழுதை மேல் உட்கார வைத்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்து போனேன்.

சேணம் கட்டுவது, லாடம் பார்ப்பது, சரிவில் எப்படி இறக்குவது என்பதையெல்லாம் சொல்லப் போவதில்லை. உங்களுக்கு அது உதவாது. ஒரு முடிவை எடுத்துவிட்டு, அதோடு வாழ வேண்டி வந்த ஒரு நாளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அது எந்த வண்டி ஓட்டினாலும் உங்களுக்கு வரும்.

எங்கள் முதலாளியை ஊரில் சுபேதார் என்றே அழைப்பார்கள். பட்டாளத்தில் வடக்கே மலைகளில் கோவேறு கழுதைகளோடு காலம் கழித்தவர். ஓய்வு பெற்ற பிறகு, பட்டாளம் கழித்து ஏலம் விட்ட நான்கு விலங்குகளைப் பிடித்து, கூட்ஸ் ரயிலில் ஏற்றி, விழுப்புரம் ஜங்ஷனில் இறக்கி, அங்கிருந்து ரோட்டோடு நடத்தியே திண்டிவனத்துக்குக் கொண்டுவந்தார். வழியெல்லாம் ஜனங்கள் கூடிவிட்டார்களாம்.

“இன்னா சுபேதாரு, இது குதிரையா கழுதையா?”

“ரெண்டுந்தான். நீ ஏறிக்கினா குதிரை, ஒன்ன ஒதைச்சா கழுதை.”

குவாரியில் கல் சுமக்கத்தான் வாங்கினார். ஆனால் பாண்டிச்சேரியிலிருந்து செஞ்சிக் கோட்டை பார்க்கப் போன இரண்டு வெள்ளைக்காரர்கள் டீக்கடை வாசலில் அவற்றைப் பார்த்துவிட்டு, ஏறிப் போகலாமா என்று கேட்டார்கள். அப்படித் தொடங்கியது தொழில். காலையில் சுபேதாரின் கொல்லையிலிருந்து கிளம்பி, செஞ்சி ரோட்டுக்குத் தெற்கே உள்ள குன்றுகளைத் தாண்டி, அந்தப் பக்கம் முருகேசன் என்ற விவசாயியின் நிலத்துக்குப் போவோம். அங்கே மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்கிற நிலக்கடலைச் செடியைப் பிடுங்கிக் காட்டுவார். மாடு பூட்டிக் கமலை இறைத்துக் காட்டுவார். அவர் மனைவி அஞ்சலை கேப்பைக் கூழும் முருங்கைக்கீரையும் பரிமாறுவார். வெயில் தாழ்ந்ததும் திரும்புவோம். வந்தவர்கள் குன்றுகளைப் பார்த்து, இது பாலைவனம்தானே என்பார்கள். மாசி, பங்குனியில் அப்படித்தான் இருக்கும். யாரோ கொட்டிவிட்டுப் போன மாதிரி பாறை மேல் பாறை, இடையில் சப்பாத்திக்கள்ளி. நான் மறுத்துச் சொன்னதில்லை.

சுபேதாருக்கு இந்தி வரும், பட்டாளத்து ஆங்கிலம் வரும். பிரெஞ்சு வராது. அதற்குத்தான் நான். என் அப்பாவும் அம்மாவும் திண்டிவனத்துக்குப் பக்கத்துக் காலனியில் கூலி வேலை செய்தவர்கள். பாண்டிச்சேரி கன்னியர் மடத்தில் தங்கிப் படித்ததில் எனக்கு அந்த மொழி வந்தது. என் பெயர் மேரி. அங்கே அந்தப் பெயர் ஐந்தாறு பேருக்கு இருந்தது. சவாரி வேலையில் நான் ஒருத்திதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டால் பின்னால் வருவது புரியும். ஒரு சரிவில் விருந்தினர் ஒருவரை நான் இறங்கச் சொன்னேன். அதே நேரம் பின்னாலிருந்து சுபேதார், “ஸிட்! ஸிட்!” என்று கத்தினார். அந்த மனிதர் பாதி இறங்கி, பாதி உட்கார்ந்து, கள்ளிச்செடியில் போய் விழுந்தார். முள் எடுக்கவே சாயங்காலம் ஆகிவிட்டது. அன்றைக்கு சுபேதார் என்னைத் திட்டவில்லை.

“ஒரு பாதையில ரெண்டு குரலு கூடாதும்மா. மலையில எத்தினி பேர அதுக்கே பறி கொடுத்துக்கிறோம். இனிமே கொல்லைய விட்டுக் கிளம்பிட்டா நீ சொல்றதுதான். நான் சொன்னாலும் கேக்காத.”

“நீங்க மொதலாளிங்க ஐயா.”

“இங்க மொதலாளி. அங்க நான் கயிறு புடிக்கிற ஆளு. அவங்க பேச்சு ஒனக்குத்தான் புரியுது, அவங்க மூஞ்சிய நீதான் பார்த்துக்கினு வர்ற.”

அவர் பெருந்தன்மைக்காக அதைச் சொல்லவில்லை. வேலை அப்படித்தான் நடக்கும் என்று நம்பினார். நானும் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதிகாரம் கையில் இருக்கிறது என்பது, அதை எடுத்துப் பயன்படுத்த வேண்டிய நேரம் வரும்வரை நமக்குத் தெரிவதில்லை.

அந்த மாசியில் மூன்று பேர் வந்தார்கள். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி. அவர்களோடு ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர், நாங்கள் மதாம் என்று கூப்பிட்டவர். கனத்த உடம்பு, ஒரு முழங்கால் சரியாக மடங்காது. “மிருகத்துக்கு நான் பாரம் இல்லையா?” என்று கேட்டுக்கொண்டேதான் ஏறினார். மூன்று பேரும் மூன்றின் மேல். நான்காவதாகத் தண்ணீரும் சாமானும் சுமந்து வந்தது சமேலி.

சமேலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான்கில் மூத்தது அதுதான். அது நடந்தால்தான் மற்றவை நடக்கும். இந்தியில் மல்லிகைப்பூ என்று அர்த்தமாம். ஊர்க்காரர்கள் செமிலி ஆக்கிவிட்டார்கள். எந்த ஊரில் எந்தப் பனியில் இருந்ததோ, சுபேதாரைத் தவிர யார் அதட்டினாலும் காதை மட்டும் திருப்பும். சுபேதார் சாப்பிடும்போது தட்டிலிருந்து ஒரு கவளம் அதற்குப் போகும். அவருக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. அதற்கு மேல் நான் விளக்க வேண்டாம்.

குன்றின் உச்சியில் இரண்டு பெரிய பாறைகளுக்கு நடுவே ஒரு இடைவெளி உண்டு. நல்ல நிழல், காற்று வரும். எப்போதும் அங்கே நின்று இளைப்பாறுவோம். மேலே, பாறையின் குடைந்த வயிற்றில் மலைத்தேனீ அடைகள் தொங்குவது எங்களுக்குத் தெரியும். வருஷா வருஷம் வரும், போகும். புகை பிடிக்கக் கூடாது, சத்தம் கூடாது என்று முன்பே சொல்லித்தான் கூட்டி வருவோம். அன்றைக்கும் சொன்னேன். அவர்களும் கேட்டார்கள். சேணங்களின் மேல் மடித்துப் போட்டிருந்த பட்டாளத்துக் கம்பளிகளை எடுத்து, பாறையில் விரித்து, அதன் மேல் உட்கார்ந்திருந்தார்கள். நான் என் பையிலிருந்த சின்னக் கத்தியால் கொய்யாப்பழம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு பருந்து வந்தது. மேலிருந்து நேராக இறங்கி, அடையைக் காலால் அறைந்து ஒரு துண்டைப் பிய்த்துக்கொண்டு போனது. அவ்வளவுதான். யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை. இதை உங்களுக்கு அழுத்திச் சொல்கிறேன். எல்லாவற்றையும் சரியாகச் செய்த நாளிலும் பருந்து வரும்.

முதலில் சத்தம். லாரி ஒன்று மேட்டில் ஏறுகிற மாதிரி. அதற்குள் வெளிச்சம் மங்கிவிட்டது. “மூஞ்சிய மூடிக்கினு ஓடச் சொல்லு!” என்று சுபேதார் கத்தினார். நான் பிரெஞ்சில் கத்தினேன்: முகத்தை மூடுங்கள், கையை வீசாதீர்கள், கீழே தெரிகிற முருகேசன் வீட்டைப் பார்த்து ஓடுங்கள். இளைஞர்கள் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். வழி நேர் வழி. அவர்கள் போய்விடுவார்கள் என்று தெரிந்தது.

மதாம் ஓடவில்லை. எழுந்திருக்கவே முடியவில்லை. நான் அவரைப் பாறை ஓரமாகச் சாய்த்து, ஒரு கம்பளியை மேலே இழுத்து, இன்னொன்றையும் போட்டு, ஓரங்களைக் காலால் அழுத்திக்கொண்டு நானும் உள்ளே புகுந்தேன். அதற்குள் என் கழுத்திலும் கையிலும் நன்றாகவே கொட்டியிருந்தன. மதாமின் மூச்சு சீட்டி அடிப்பது போல இழுத்தது.

கம்பளியின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். கட்டிப் போட்ட விலங்கைத் தேனீ விடாது, ஓடினால்தான் பிழைக்கும். சுபேதார் அதை அறிந்து, ஒவ்வொன்றாகக் கயிற்றை இழுத்துவிட்டுப் புட்டத்தில் அறைந்தார். ஒன்று போனது. இரண்டாவது, மூன்றாவது போயின. சமேலியின் கயிறு மட்டும் வரவில்லை. அது மிரண்டு பின்வாங்கியதில் கயிறு இரண்டு பாறைகளுக்கு நடுவே வெடிப்பில் இறங்கி இறுகிப்போயிருந்தது. இழுக்க இழுக்க இன்னும் உள்ளே போனது.

சுபேதார் எங்களிடம் வந்தார். ஒரு கண் ஏற்கனவே மூடிப்போயிருந்தது. உதடு வீங்கித் தொங்கியது.

“மேரி, கத்தியக் குடு.”

கத்தி என் கையில்தான் இருந்தது.

சமேலி கட்டியிருந்த இடம் அடைக்கு நேர் கீழே. போவதற்குக் கொஞ்ச தூரம்தான். ஆனால் நடுவில் இருந்ததைக் காற்று என்று சொல்ல முடியாது. அவர் தள்ளாடுவதை நான் பார்த்தேன். கம்பளி ஓரத்தைப் பிடிக்க வந்த கை அதைத் தவறவிட்டு வெறும் பாறையைத் தொட்டது. அவர் போனால் கயிற்றை அறுக்கலாம். அறுத்துவிட்டுத் திரும்பி வருவாரா? அவர் விழுந்தால் நான் போக வேண்டும். நான் போனால் மதாமின் கம்பளியை யார் அழுத்திப் பிடிப்பது?

இதையெல்லாம் வரிசையாக நினைத்தேன் என்று சொன்னால் அது பொய். பின்னால் நினைத்துப் பார்த்துச் சொல்கிறேன். அப்போது அவர் கையைத்தான் பார்த்தேன்.

“தர மாட்டேங்க” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. “கத்தி, கத்தி” என்றார். ஜல்தி என்றார். பிறகு இந்தியில் ஏதோ சொன்னார்.

“உள்ள வாங்க ஐயா. கம்பளிக்குள்ள வாங்க.”

“அது செத்துடும் மேரி. கயித்துல மாட்டிக்கினு கெடக்குது.”

“தெரியுதுங்க. கொல்லைய விட்டு வந்தாச்சு. நான் சொல்றதுதான். உள்ள வாங்க.”

என் குரல் அப்படி வந்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை. என் அப்பா அவரைப் போன்றவர்கள் முன்னால் தோளில் துண்டு போட்டு நின்றதில்லை. நான் அவரை அதட்டினேன். அவர் ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தார். கத்தியைப் பிடுங்கியிருக்கலாம், என்னைவிட அவருக்குப் பலம் அதிகம். பிடுங்கவில்லை. முழங்காலிட்டு, குனிந்து, கம்பளிக்குள் வந்தார். மதாமின் ஒரு பக்கம் அவர், மறுபக்கம் நான்.

சமேலி கத்தியதை நாங்கள் மூவரும் கேட்டோம். சுபேதார் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. கடைசிவரை கேட்டார். பிறகு சத்தம் நின்றது. தேனீக்களின் இரைச்சல் மட்டும் இருந்தது. அதுவும் மெல்ல மெல்ல அடங்கியது.

முருகேசனும் இன்னும் சிலரும் ஈரச் சாக்கும் புகையும் எடுத்துக்கொண்டு மேலே வந்து எங்களைக் கூட்டிப் போனார்கள். கிளம்பும்போது முருகேசன் கோபத்தில்தான் கிளம்பியிருக்கிறார். அவிழ்த்துவிட்ட மூன்றும் பூட்டிய சேணத்தோடு அவருடைய மல்லாட்டைக் காட்டுக்குள் விழுந்து, பூவும் பிஞ்சுமாக இருந்த செடியை மிதித்துத் துவைத்துவிட்டன. ஓடி வந்த ஜோடிக்கு அவர் திட்டியது புரியவில்லை. அவர்கள் முகம் வீங்கியிருந்ததைப் பார்த்து அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தச் செடிகளைப் பற்றி அவர் பேசவே இல்லை.

அஞ்சலை எங்களை வீட்டுக்குள் படுக்க வைத்து, நகத்தால் கொடுக்குகளைச் சுரண்டி எடுத்து, சுண்ணாம்பு தடவினார். அந்த வீட்டில் எனக்கு எப்போதும் வெளியே மாட்டுக் கொட்டகைப் பக்கம்தான் இலை விழும். விருந்தினர் உள்ளே, நான் வெளியே. அன்று என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, “அழாத கண்ணு, இதோ ஆயிடிச்சி” என்று சொல்லிச் சொல்லி எடுத்தார். அடுத்த தடவை போனபோது இலை மறுபடி கொட்டகைப் பக்கம்தான் விழுந்தது. இரண்டும் உண்மை. நம் வேலையில் ஒரு வீட்டை இப்படி இரண்டு விதமாகவும் பார்க்க நேரும். ஒன்றை வைத்து மற்றொன்றை அழித்துவிடாதீர்கள்.

மாட்டு வண்டியில் ரோட்டுக்கு வந்து, அங்கிருந்து ஒரு லாரியில் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எல்லோரும் பிழைத்தோம். மதாமுக்குத்தான் இரண்டு மூன்று நாள் மோசமாக இருந்தது. சுபேதாரின் முகத்திலிருந்தும் தலையிலிருந்தும் மிச்சக் கொடுக்குகளை எடுத்த டாக்டர், “இன்னும் கொஞ்சம் கொட்டியிருந்தா இவர் இங்க வந்திருக்க மாட்டார்” என்றார். முருகேசன் மறுநாள் பாறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் வேறு மாதிரி சொன்னார்: “கயிறு நைஞ்சி போயிக்கிது மேரி. ஒரு அறுப்பு அறுத்திருந்தா வந்திருக்கும்.” அவர் குறை சொல்லவில்லை, பார்த்ததைச் சொன்னார். டாக்டரும் பார்த்ததைத்தான் சொன்னார்.

எது சரி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கத்தியைக் கொடுத்திருந்தால் அவரும் சமேலியும் இருவருமே கீழே வந்திருக்கலாம். அல்லது இருவருமே அங்கே கிடந்திருக்கலாம். நடக்காததை யாரும் பார்த்ததில்லை. முடிவெடுத்தவர்களுக்கு அதைப் பார்க்கிற வசதி கிடையாது. பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொரு நாள் நமக்குத் தரப்படுவதில்லை.

குன்றின் அடிவாரத்தில் சமேலியைப் புதைத்தார்கள். கண்ணில் கட்டோடு சுபேதாரும் மண்வெட்டி பிடித்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு பல நாள் அவர் என்னோடு பேசவில்லை. வேலையை விட்டுப் போகச் சொல்லவும் இல்லை. சவாரி நின்றுவிட்டது. நான் காலையில் போவேன், மிச்சம் இருந்த மூன்றுக்கும் தண்ணீர் காட்டுவேன், தேய்த்துவிடுவேன். என்னிடம் சொல்ல வேண்டியதை அவர் அவற்றிடம் சொல்வார். “கொள்ளு ஊறலடி இன்னும்.” நான் போய் ஊறப் போடுவேன். நான் பேசவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. கேட்டால், தப்பு செய்தேன் என்றாகும். அப்படி நான் நினைக்கவில்லை. சரியாகச் செய்தேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. வீட்டில் அம்மா, “ஏன் அங்கியே போய்க்கினு கீற, அந்த ஆளு மூஞ்சி குடுத்தே பேசறதில்லையாமே” என்று கேட்டார். விட்டுவிட்டுப் போனால் அந்த மௌனம்தான் கடைசி வார்த்தையாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. அதனால் போனேன்.

ஊருக்குத் திரும்புவதற்கு முன் மதாம் ஒரு நாள் பாண்டிச்சேரியிலிருந்து வாடகைக் காரில் வந்தார். கையில் ஊன்றுகோல். முகத்தில் கறுப்புப் புள்ளிகள் இன்னும் இருந்தன. சுபேதார் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். நான் நடுவில் நின்றேன்.

மதாம் தயார் செய்துகொண்டு வந்தவர் போல நிதானமாகப் பேசினார். உங்கள் விலங்கை விட்டுவிட்டு எனக்காக என் பக்கத்தில் இருந்தீர்கள். அது உங்களுக்கு என்ன என்பது அந்தக் கம்பளிக்குள் எனக்குத் தெரிந்தது. உங்கள் உடம்பு நடுங்கியது. நான் நன்றி சொல்ல வந்தேன் என்றார்.

அதைத் தமிழில் சொன்னேன். பல நாளைக்குப் பிறகு அவரைப் பார்த்து நான் பேசியது அதுதான்.

சுபேதார் மதாமைப் பார்த்தபடியே, “சொல்லு அவங்களுக்கு” என்றார். “அவங்களுக்காவ நான் உக்காரல. அவங்க அங்க இருந்ததே அப்ப எனுக்கு ஞாபகம் இல்ல. இந்தப் பொண்ணு உள்ள வான்னிச்சி. அதுக்காவ உக்காந்தன். அவ்ளோதான்.”

விருந்தினரிடம் சொல்லத் தக்கதா இது என்று ஒரு கணம் தயங்கினேன். பிறகு ஒரு சொல்லும் மாற்றாமல் பிரெஞ்சில் சொன்னேன்.

மதாம் அவரிடமிருந்து பார்வையை எடுத்து என் பக்கம் திரும்பினார். “நீ ஏன் அப்படிச் சொன்னாய்?” என்று கேட்டார். குற்றமாக இல்லை, வகுப்பில் கேட்கிற மாதிரி, பதில் தெரிந்துகொள்ள.

அதுவரை என்னை யாரும் அதைக் கேட்கவில்லை. டாக்டரும் முருகேசனும் ஊரும் ஆளுக்கொன்று சொன்னார்கள், கேட்கவில்லை. நான் யோசித்து, எனக்குத் தெரிந்த எளிய பிரெஞ்சில் பதில் சொன்னேன். அவர் தலையாட்டினார். என் கன்னத்தில் இரண்டு பக்கமும் முத்தமிட்டு, சுபேதாரைக் கும்பிட்டுவிட்டு, ஊன்றுகோலைக் காருக்குள் போட்டுக்கொண்டு ஏறினார்.

கார் ரோட்டுக்குத் திரும்பும்வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“இன்னா கேட்டாங்க ஒன்ன?” என்றார் சுபேதார்.

“ஏன் அப்படிச் சொன்னேன்னு கேட்டாங்க.”

“இன்னா சொன்ன?”

“கூட்டிக்கினு போன ஆளுங்க எல்லாரையும் திருப்பிக் கூட்டிக்கினு வரணும், அதுல எங்க ஐயாவும் ஒரு ஆளுன்னு சொன்னேங்க.”

அவர் சட்டைப் பித்தானை அவிழ்த்து, மறுபடி போட்டார். கொட்டகைப் பக்கம் நாலடி நடந்தவர் திரும்பாமலே சொன்னார்:

“நாளைக்கு பாண்டிலருந்து ரெண்டு பேரு வரேன்னிருக்காங்க. காலைல ஜல்தி வந்துடு மேரி.”